ஆய்வு முடிந்த பாலமும் விழுவது ஏன்? பழைய கான்கிரீட் பாலங்களை மதிப்பிடும் விதம்

2024 செப்டம்பர் 11 அதிகாலை, ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் எல்பே ஆற்றின் மேலிருந்த கரோலா பாலத்தில் சுமார் 100 மீட்டர் நீளம் ஆற்றுக்குள் சரிந்தது. கடைசி டிராம் கடந்து போய்ச் சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. யாருக்கும் காயமில்லை. 2025 ஜூலை 9 காலை, குஜராத்தில் வடோதராவையும் ஆனந்தையும் இணைத்த கம்பீரா பாலத்தின் ஒரு தளம் மஹி ஆற்றில் விழுந்தது. அங்கே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

இரண்டும் கான்கிரீட் பாலங்கள். முதலாவது 1971இல் கட்டி முடிக்கப்பட்டது, இரண்டாவது 1985இல். இப்படி ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "பாலத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா?" என்பதுதான். சோதித்தோம் என்று பதில் வந்தால் குழப்பம் இன்னும் கூடுகிறது. சோதித்த பாலம் எப்படி விழும்?

விழும். ஆய்வாளர் பார்த்துத் தரும் மதிப்பெண் பெரும்பாலும் வெளியே தெரியும் சேதத்தைச் சொல்கிறது. பாலத்தை நிறுத்தி வைத்திருப்பதோ வெளியே தெரியாத சில கம்பிகளும் சில மூட்டுகளும். இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டால் பாலம் பற்றிய செய்திகள் பலவும் புரிந்துவிடும். அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

கான்கிரீட்டுக்கு வயதாவது எப்படி

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஒரு உத்தரத்தின் மேல் வண்டி ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுவையை ஏற்கத்தான் அடியில் இரும்புக் கம்பி வைக்கிறோம். ஆகவே, கான்கிரீட் பாலத்தின் ஆயுள் என்பது பெருமளவு அதற்குள் இருக்கும் இரும்பின் ஆயுள்தான்.

புதுக் கான்கிரீட்டுக்குள் இரும்பு துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், அதன் பி.எச். அளவு 12.5க்கு மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் உருவாகி அதைப் பாதுகாக்கிறது. இந்தப் படலத்தை இரண்டு விஷயங்கள் உடைக்கின்றன.

1. கார்பனேற்றம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் காரத்தை நடுநிலையாக்குகிறது. பி.எச். 9 அளவுக்கு இறங்கினால் காப்புப் படலம் போய்விடும்.

2. குளோரைடு. கடல் உப்பு, குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கத் தூவும் உப்பு, கட்டும்போதே கலந்துவிட்ட உப்புத் தண்ணீர். இதற்குக் காரம் குறைய வேண்டிய அவசியமே இல்லை. கம்பியைப் போதிய அளவு எட்டிவிட்டால் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும்.

இரும்பு துருவாக மாறும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகும். உள்ளிருந்து வரும் அந்தத் தள்ளலில் கான்கிரீட் விரிசல் விட்டு, பிறகு பத்தை பத்தையாகப் பெயர்ந்து விழுகிறது. பாலத்தின் அடியில் கம்பி தெரிய நிற்கும் இடங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

இரண்டில் குளோரைடுதான் மோசமானது. கார்பனேற்றத்தால் வரும் துரு பரவலாக வரும், பத்தை விழுந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். குளோரைடு ஒரே இடத்தில் குழி தோண்டும். மேலே ஒரு கறைகூட இல்லாமல் கம்பியின் குறுக்களவு பாதியாகிவிடலாம். 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் போலக் கடல்மேல் நிற்கும் கான்கிரீட்டுக்கு எந்நாளும் இருக்கும் ஆபத்து இதுதான். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் பக்கத்திலுள்ள மண்டபத்தில் அரிப்பு ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் கடற்காற்று அவ்வளவு கடுமையானது.

கார்பனேற்றத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. அதன் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். ஒரு பாலத்தில் 20 ஆண்டில் 15 மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிமீட்டரைத் தொட 40 ஆண்டு அல்ல, 80 ஆண்டு ஆகும். கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் கனத்தை, அதாவது கவரை, வரைபடத்தில் 40 மில்லிமீட்டர் என்று போட்டு அப்படியே கட்டியிருந்தால், கார்பனேற்றம் கம்பியை எட்டச் சுமார் 140 ஆண்டு பிடிக்கும். வேலை நடந்தபோது கம்பிக்கூடு சரிந்து கவர் 25 மில்லிமீட்டர் ஆகியிருந்தால்? 56 ஆண்டுதான். ஒன்றரை சென்டிமீட்டர் கவனக்குறைவு, 80 ஆண்டுக்கு மேல் இழப்பு. இந்தக் கனம் குறையாதபடி கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுக்கும் கவர் பிளாக்குகளை எண்ணி வைக்கும் மேஸ்திரியின் மதிப்பு இந்தக் கணக்கில் தெரியும்.

கண்ணும் சுத்தியலும் எதுவரை

அமெரிக்காவில் 1967 டிசம்பர் 15 அன்று ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் இடிந்து 46 பேர் இறந்தார்கள். அது எஃகுப் பாலம். ஆனால் பாலங்களைக் காலமுறைப்படி ஆய்வு செய்ய வேண்டும் என்ற தேசிய விதி அதிலிருந்துதான் பிறந்தது. பொதுவாக 24 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு, 0 முதல் 9 வரை மதிப்பெண். ஜெர்மனியில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முழு ஆய்வு, நடுவில் ஒரு எளிய ஆய்வு, 1.0 முதல் 4.0 வரை மதிப்பெண். இந்தியாவில் இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 35 வழிகாட்டி உண்டு: வழக்கமான ஆய்வு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விரிவான முதன்மை ஆய்வு, வெள்ளம், நிலநடுக்கம், விபத்துக்குப் பின் சிறப்பு ஆய்வு.

மூன்று நாட்டிலும் அஸ்திவாரம் கண்பார்வைதான். விரிசலின் அகலம், நீர்க்கசிவு, வெள்ளைப் படிவம், துருக்கறை, தளம் தொய்ந்திருப்பது, தளத்தைத் தாங்கும் பேரிங் நகர்ந்திருப்பது, வெப்பத்தில் தளம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வழியே தண்ணீர் இறங்குவது எல்லாம் பார்த்துக் குறிக்கப்படும். சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் 'கணீர்' என்னும். உள்ளே பிரிந்திருந்தால் 'பொத்' என்று ஒலிக்கும். இந்தச் சத்தத்தில் தேர்ந்த காது பல கருவிகளைவிடச் சீக்கிரம் ஆபத்தைச் சொல்லிவிடும்.

ஆனால் கண்பார்வையின் நம்பகத்தன்மை எவ்வளவு? அமெரிக்க நெடுஞ்சாலைத் துறை இதை நேரடியாகவே சோதித்தது. 2001இல் வெளியான ஆய்வில், மாநிலங்களின் பணியிலிருந்த 49 ஆய்வாளர்களை ஒரே பாலங்களுக்கு அழைத்துச் சென்று தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஒரே உறுப்புக்குச் சராசரியாக நான்கைந்து வெவ்வேறு மதிப்பெண்கள் வந்தன. பார்த்தவர்கள் அந்த வேலையையே தொழிலாகச் செய்கிறவர்கள். 5 என்று போட்ட இன்னொரு பாலத்தைவிட 6 என்று போட்ட பாலம் உறுதியானது என்று நம்புவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கட்டம் கருவிகள். இவற்றைச் சேதமில்லாச் சோதனைகள் என்பார்கள். செய்தியில் "நவீனக் கருவிகளால் சோதனை" என்று வந்தால் பெரும்பாலும் இவைதான்:

1. ரீபவுண்ட் சுத்தியல். ஸ்பிரிங் வைத்த தண்டு கான்கிரீட்டில் மோதித் திரும்பும் அளவைப் பார்ப்பது. மேற்பரப்பின் கடினத்தை மட்டும் சொல்லும். இதில் ஒரு பொறி இருக்கிறது: கார்பனேற்றம் மேற்பரப்பைக் கடினமாக்குகிறது. எனவே பழைய, கெட்டுவரும் கான்கிரீட் இதில் நல்ல எண் காட்டலாம்.

2. மீயொலி வேகம். ஒலித்துடிப்பு கான்கிரீட் வழியே பாயும் வேகம். நம் ஊரில் நீண்டகாலம் புழங்கிய ஐ.எஸ். 13311 என்ற இந்தியத் தர விதியின் அட்டவணைப்படி நொடிக்கு 4.5 கிலோமீட்டருக்கு மேல் மிகச் சிறப்பு, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3.0க்குக் கீழே சந்தேகம். உள்ளே பொந்தோ, ஹனிகோம்ப் எனப்படும் தேன்கூடு போன்ற ஓட்டைகளோ இருந்தால் வேகம் குறையும். கம்பியின் நிலை பற்றி எதுவும் சொல்லாது.

3. பினால்ப்தலீன். கான்கிரீட்டை உடைத்த புது முகத்தில் இந்தத் திரவத்தைத் தெளித்தால் காரம் இருக்கும் பகுதி அடர் இளஞ்சிவப்பாகும், காரம் போன பகுதி நிறம் மாறாது. அந்த எல்லைவரை ஸ்கேல் வைத்து அளந்தால் கார்பனேற்ற ஆழம் கிடைத்துவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்து வேதிப்பொருள்தான், ஆனால் இத்தனை மலிவாக இத்தனை தகவல் தரும் சோதனை வேறில்லை.

4. அரைமின்கல அளவு. ஒரு முனையைக் கம்பியோடு இணைத்து, தாமிரம் – தாமிர சல்பேட் மின்முனையை ஈரப்படுத்திய மேற்பரப்பில் கட்டம் கட்டமாக நகர்த்தி மின்னழுத்தம் படிப்பது. −200 மில்லிவோல்ட்டைவிட எதிர்மதிப்பு குறைவாக இருந்தால் துரு இல்லாமலிருக்க 90 சதவீத வாய்ப்பு, −350ஐத் தாண்டினால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீத வாய்ப்பு, நடுவில் நிச்சயமில்லை. இது சொல்வது துரு இன்று நடக்கிறதா என்பதை. இதுவரை எவ்வளவு இரும்பு போயிற்று என்பதை அல்ல.

இவற்றோடு, வெட்டியெடுத்த உருளை மாதிரிகளை ஆய்வகத்தில் நசுக்கிப் பார்ப்பதும், வெவ்வேறு ஆழத்தில் துளையிட்ட தூளில் குளோரைடு அளவு பார்ப்பதும் சேர வேண்டும். ஒரே ஒரு சோதனையின் முடிவை மட்டும் வைத்துப் பாலம் உறுதி என்று யாராவது அறிக்கை விட்டால் அதை நம்பத் தேவையில்லை.

இழுத்துக் கட்டிய கம்பிகள்: பெரிய பிரச்சினை இங்கேதான்

இதுவரை சொன்னது சாதாரணக் கம்பி போட்ட கான்கிரீட். 1950களுக்குப் பிறகு கட்டிய நீண்ட கான்கிரீட் பாலங்கள் பெரும்பாலும் பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் வகை. செங்கல் இறக்குபவர் ஏழெட்டுக் கல்லை வரிசையாக வைத்து, இரு முனையிலும் கையால் அழுத்தி ஒரே உத்தரம் போலத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையின் அழுத்தம்தான் கற்களைச் சேர்த்து வைக்கிறது. இங்கே கையின் வேலையைச் செய்வது மிக வலுவான எஃகுக் கம்பிக் கற்றைகள். கான்கிரீட்டுக்குள் குழாய் விட்டு, அதன் வழியே கற்றையைச் செருகி, ஜாக்கியால் இழுத்து, முனைகளில் பூட்டிவிடுகிறார்கள். பிறகு குழாய்க்குள் சிமென்ட் கூழை, அதாவது கிரவுட்டை, அழுத்தி நிரப்புகிறார்கள்.

கிரவுட் சரியாக நிரம்பாவிட்டால் தொல்லை தொடங்குகிறது. கூழிலிருந்து பிரியும் தண்ணீர் குழாயின் மேடான இடங்களில் தங்கும். அது வற்றியதும் அங்கே வெற்றிடம். ஈரமும் உப்பும் உள்ளே புகுந்தால் கற்றை அரிக்கும். இந்தக் கம்பி சாதாரணக் கம்பியைவிட மூன்று மடங்குக்கு மேல் வலுவானது, எப்போதும் பெரும் இழுவையில் இருப்பது, மெல்லியது. சிறு குழி விழுந்தாலும் இழை அறுந்துபோகும். துரு அதிகம் உண்டாவதற்கு முன்பே அறுவதால், மேலே கான்கிரீட் பெயராது, கறை வராது. ஆய்வாளர் சுத்தமான உத்தரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

கோவாவில் பணஜியின் மாண்டோவி ஆற்றுப் பாலம் 1986 ஜூலை 5 அன்று இடிந்தது. திறந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை. பிரீஸ்ட்ரெஸ் கம்பிகள் அரித்திருந்தன. அதற்கு ஏழு மாதம் முன்பு, 1985 டிசம்பரில், வேல்ஸில் இனிஸ்-இ-குவாஸ் என்ற சிறு பாலம் எந்த வண்டியும் மேலே இல்லாத நேரத்தில் தானாக விழுந்தது. 1953இல் கட்டியது. துண்டுகளை இணைத்த மூட்டுகளில் கற்றைகள் அரித்துப் போயிருந்தன, முன்னறிகுறி எதுவும் இல்லை. பிரிட்டிஷ் அரசு இதை இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை: இப்படிக் குழாயில் கிரவுட் நிரப்பும் பாலங்களைப் புதிதாகக் கட்ட 1992இல் தடை போட்டு, கிரவுட் முறையைச் சீராக்கிய பிறகு 1996இல்தான் தளர்த்தியது.

கரோலா பாலத்தின் கதை இன்னும் நுட்பமானது. ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் தலைமையில் நடந்த விசாரணை, ஹைட்ரஜனால் தூண்டப்பட்ட அழுத்த அரிப்பு விரிசல்தான் முதன்மைக் காரணம் என்றது. அன்று பயன்பட்ட எஃகின் ரகம் இதற்கு எளிதில் இரையாகக் கூடியது. கட்டுமானக் காலத்தில் ஈரம் பட்டபோதே இழைகளில் நுண்விரிசல்கள் விழுந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டு போக்குவரத்தின் ஆட்டத்தில் அவை வளர்ந்து ஒவ்வொன்றாக இழைகள் அறுந்திருக்கின்றன. பக்கத்திலிருந்த இரண்டு தளங்களைப் புதுப்பித்திருந்தார்கள். விழுந்த மூன்றாவது தளத்தின் முறை 2025இல் வரவிருந்தது.

சரி, கருவிகள் என்ன ஆயின? அரைமின்கல முறை இங்கே உதவாது: உலோகக் குழாய் உள்ளே இருப்பதை மறைத்துவிடும். தரை ஊடுருவும் ரேடார் குழாய் எங்கே போகிறது என்று காட்டும், உள்ளே இருப்பதைக் காட்டாது. மேற்பரப்பில் தட்டி எதிரொலியை அளக்கும் இம்பாக்ட்-எக்கோ முறை கிரவுட்டிலுள்ள வெற்றிடத்தை ஓரளவு கண்டுபிடிக்கும். காந்தப்புலக் கசிவை அளந்து அறுந்த இழையைத் தேடும் முறை உண்டு; கம்பி மேற்பரப்புக்கு அருகில் இருந்தால்தான் அது தெளிவாகப் பேசும். கடைசியில் மிக நம்பகமானது, ரேடாரால் இடம் குறித்துக்கொண்டு, கவனமாகத் துளையிட்டு, கேமராவை உள்ளே விட்டுக் கண்ணால் பார்ப்பதுதான். பார்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பொறியாளரின் அறிவு இருக்கிறது: மேடான இடம், முனைப் பூட்டு, கட்டுமான மூட்டு, மழைநீர் இறங்கும் இடத்துக்குக் கீழே.

ஒலி உமிழ்வுக் கண்காணிப்பு என்பதும் இப்போது அடிக்கடி காதில் விழும். இழை அறும்போது எழும் சத்தத்தை உணரிகள் பிடிக்கின்றன. பயனுள்ளது, ஆனால் உணரியை ஒட்டிய நாளுக்குப் பின் அறுவதை மட்டுமே அது கேட்கும். அதற்கு முன் எத்தனை அறுந்தன என்பது அதற்குத் தெரியாது.

கைக்கும் கண்ணுக்கும் எட்டாத மூட்டு

சில பழைய பாலங்களில் ஒரு தளத்தின் நுனியைப் படி போல வெட்டி, இன்னொரு தளத்தின் படிமேல் உட்கார வைத்திருப்பார்கள். நம் பொறியாளர்கள் இதை ஆர்டிகுலேஷன் என்பார்கள். முழு ஆழத்தில் பாதிதான் அங்கே சுமை தாங்குகிறது. அதற்கு நேர் மேலே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். அது கிழிந்தால் சாலைத் தண்ணீர் முழுவதும் அந்தப் படிக்குள்தான் இறங்கும். இடுக்கோ கை நுழையாதது. மிக அதிகச் சுமை, மிக அதிக ஈரம், மிகக் குறைந்த பார்வை மூன்றும் ஒரே இடத்தில் கூடுகின்றன.

கனடாவின் லாவல் நகரில் தெ லா கோன்கோர்ட் மேம்பாலம் 2006 செப்டம்பர் 30 அன்று இப்படித்தான் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். 1970இல் கட்டிய பாலம். படியிலுள்ள கம்பிகள் வரைபடத்தில் காட்டியபடி வைக்கப்படவில்லை, தடித்த அந்தத் தளத்தில் வெட்டுவிசையை, அதாவது கான்கிரீட்டைக் குறுக்கே கத்தரிக்கப் பார்க்கும் விசையை, தாங்கும் கம்பியே இல்லை, கான்கிரீட்டின் தரமும் குறைவு என்று விசாரணைக் குழு கண்டது. விழுவதற்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு கான்கிரீட் துண்டுகள் கீழே சாலையில் விழுந்தன. பணியாளர் ஒருவர் வந்து பார்த்து, துண்டுகளை அகற்றினார். பாலம் மூடப்படவில்லை. வெட்டுவிசை முறிவு திடீரென்று வரும். வளைந்து தொய்ந்து எச்சரிக்கும் அவகாசம் அதில் கிடையாது.

கம்பீராவிலும் முதற்கட்ட விசாரணையை வைத்து மாநில அரசு சொன்ன காரணம், தளத்தைத் தாங்கும் பீடமும் ஆர்டிகுலேஷனும் நொறுங்கியது என்பதுதான். நெடுஞ்சாலைப் பொறியாளர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். தளம் பளபளப்பாக இருந்தாலும் அதைத் தாங்கும் ஓரடி இடம் கெட்டிருந்தால் எல்லாம் போச்சு என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம். இவ்வகைப் பாலங்களில் பக்கெட் பொருத்திய ஆய்வு வாகனத்தில் இறங்கி ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு பேரிங்கையும் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்காத ஆய்வை ஆய்வு என்றே கணக்கில் எடுக்கக் கூடாது.

தண்ணீருக்கு அடியில் இருப்பதும் இப்படித்தான் மறந்துபோகிறது. வெள்ளம் தூணைச் சுற்றி மணலை அரித்துப் பள்ளம் பறிக்கும். மணல் அள்ளுவதால் ஆற்றுப்படுகை இறங்கியிருந்தால் அஸ்திவாரம் ஏற்கனவே பாதி வெளியே நிற்கும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் திருச்சி கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்துத் தூண்கள் சரிந்தது நமக்கு நினைவிருக்கும். அதில் முன்பே போக்குவரத்தை நிறுத்தியிருந்ததால் உயிர் போகவில்லை.

பார்த்ததைக் கணக்காக்குவது

சேதத்தைக் குறித்த பிறகு வரவேண்டியது மதிப்பீடு: இன்றைய நிலையில் இந்தப் பாலம் இன்றைய வண்டியைத் தாங்குமா? இதற்கான எளிய வாய்ப்பாடு, பாலத்தின் தாங்குதிறனிலிருந்து சொந்த எடையையும் நிரந்தரச் சுமையையும் கழித்து, மிச்சத்தை வண்டிச் சுமையால் வகுப்பது. விடை 1க்கு மேல் இருக்க வேண்டும்.

ஒரு கற்பனைப் பாலத்தை எடுப்போம். தாங்குதிறன் 1000 அலகு, சொந்தச் சுமை 600, வண்டிச் சுமை 320. மிச்சம் 400, விடை 1.25. நல்ல பாலம். அரிப்பால் தாங்குதிறன் பத்தே சதவீதம் குறைந்து 900 ஆகட்டும். மிச்சம் 300, விடை 0.94. பத்து சதவீதச் சேதம், கால் பங்குத் திறனைத் தின்றுவிட்டது. சொந்த எடையைச் சுமக்கவே பெரும்பங்கு செலவாகும் கான்கிரீட் பாலங்களில் இப்படித்தான் நடக்கும். "பத்து சதவீதம்தானே" என்ற அலட்சியம் இங்கே செல்லாது.

மேலே தார் போட்டுக்கொண்டே போவதையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் 75 மில்லிமீட்டர் கூடுதலாகப் போட்டால், 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு தளத்தில் சுமார் 40 டன் எடை நிரந்தரமாக ஏறுகிறது. ஆய்வுக் குறிப்பேட்டில் "சாலை மேற்பரப்பு நன்று" என்று வரும்.

வண்டிப் பக்கமும் அசையாமல் நிற்கவில்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆனது. சட்டப்படி ஏற்றும் வண்டியே இப்போது கனமானது. வரம்பு மீறி ஏற்றுபவை தனி.

மதிப்பீடு செய்பவர் வரிசையாகக் கேட்க வேண்டியவை:

1. இந்தப் பாலம் விழுந்தால் எப்படி விழும்? எந்த உறுப்பு போனால் முழுவதும் போகும்?

2. அந்த உறுப்பு போவதற்கு முன் அறிகுறி காட்டுமா, காட்டாதா?

3. அந்த இடத்தைக் கடைசியாக யார், எவ்வளவு அருகில், எப்படிப் பார்த்தார்கள்?

4. வரைபடம் இருக்கிறதா? கட்டியது வரைபடத்தின்படிதானா?

முதல் கேள்விக்கு, இத்தாலியின் ஜெனோவா நகரில் இடிந்த பாலம் ஒரு பாடம். ரிக்கார்டோ மொராண்டி வடிவமைத்து 1967இல் திறந்த அந்தப் பாலத்தில், ஒவ்வொரு கோபுரத்திலும் கான்கிரீட் உறையிட்ட நான்கே இழுவிசைத் தண்டுகள். ஒன்று போனால் மாற்றுவழியே இல்லை. கடற்காற்று அரிப்பது பற்றி 1979இலேயே வடிவமைத்தவர் எச்சரித்தார். 1990களில் ஒரு கோபுரத்தின் தண்டுகளுக்கு வெளியிலிருந்து எஃகு வடங்கள் கட்டிப் பலப்படுத்தினார்கள். மற்றவற்றின் முறை வருவதற்குள் 2018 ஆகஸ்டு 14 வந்துவிட்டது. 43 பேர் இறந்தார்கள். ஒரு கோபுரத்தில் கண்ட நோய் அதே வயதுள்ள, அதே காற்றில் நிற்கும் அடுத்த கோபுரத்தில் இராது என்று நினைக்க எந்தக் காரணமும் இருக்கவில்லை.

சுமைச் சோதனையும் ஒரு வழி. மணல் ஏற்றிய லாரிகளைப் பாலத்தில் 24 மணி நேரம் நிறுத்தி, தளம் எவ்வளவு தொய்கிறது, எடுத்த பின் எவ்வளவு திரும்புகிறது என்று அளப்பார்கள். நம் நாட்டு விதிப்படி சாதாரணக் கான்கிரீட் தளம் 75 சதவீதமும் பிரீஸ்ட்ரெஸ்டு தளம் 85 சதவீதமும் திரும்ப வேண்டும். தேறிய பாலம் இன்று அந்தச் சுமையைத் தாங்குகிறது என்று பொருள். அடுத்த ஆண்டைப் பற்றியோ திடீர் முறிவு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பற்றியோ அது வாக்குத் தரவில்லை. "சுமைச் சோதனையில் தேறியது" என்ற செய்தியை இந்த அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்த பிறகு என்ன செய்வது

இந்தியாவில் 2016 அக்டோபரில் பாலங்களுக்கான தேசிய மேலாண்மைத் தரவுத்தளம் தொடங்கப்பட்டது. பாலத்துக்கு எண், இருப்பிடம், நிலை மதிப்பெண் எல்லாம் பதிவாகின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் மோசமான மதிப்பெண் விழுந்த மறுநாள் யார் என்ன செய்ய வேண்டும் என்பது கட்டாயமாகாத வரை அது பட்டியலாகவே நிற்கும். கம்பீரா பாலம் ஆடுகிறது என்று ஊர்மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். புதிய பாலத்துக்கான ஏற்பாடுகளும் தொடங்கியிருந்தன. பழையதன் மேல் பாரவண்டிகள் கடைசி நாள்வரை ஓடின. இதை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை: தகவல் இருந்தது, அதற்கும் தடுப்புக் கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு கரோலாவுக்குப் பிந்தைய ஜெர்மனியைப் பார்க்கலாம். அதே வகை எஃகு போட்ட பாலங்களைத் தேடினார்கள். ட்ரெஸ்டனிலிருந்து ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் பாட் ஷாண்டா ஊரில் எல்பே மேலிருந்த பாலத்தை 2024 நவம்பரில் மூடினார்கள். அந்தப் பகுதி மக்களுக்குப் பெரும் சுற்றுவழி. கடைக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் மாதக்கணக்கில் அவதிப்பட்டார்கள். சுமைச் சோதனை செய்து, ஒலி உணரிகள் பொருத்தி, 2025 ஏப்ரலில் 7.5 டன் வரையிலான வண்டிகளுக்கு மட்டும் திறந்தார்கள். பெர்லினில் ஏ100 நெடுஞ்சாலையிலிருந்த 1963ஆம் ஆண்டுப் பாலத்தில் விரிசல் வளர்வது தெரிந்ததும் 2025 மார்ச்சில் மூடி, சில வாரங்களிலேயே இடித்துவிட்டார்கள்.

நம் ஊரில் எடைக் கட்டுப்பாட்டுப் பலகை மட்டும் வைத்தால் இரவில் மணல் லாரி ஏறத்தான் செய்யும். எடையைக் கட்டுப்படுத்த நடைமுறையில் செல்லுபடியாகும் வழி, இரு முனையிலும் இரும்பு உயரத் தடுப்பு அமைத்துப் பாரவண்டி நுழையவே முடியாமல் செய்வது. அப்புறம் அந்தத் தடுப்பு அகற்றப்படுவதற்கான நிபந்தனையை, எந்தச் சோதனை முடிந்து யார் கையெழுத்திட்டால் அகற்றலாம் என்பதை, மூடும் நாளிலேயே எழுதி அறிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுவழியின் அலுப்பிலும் உள்ளூர் நெருக்கடியிலும் ஒரு நாள் யாரோ தடுப்பை வெட்டி எடுத்துவிடுவார்கள், பாலம் அப்படியே இருக்கும்.